ஒரு தளபதியின் கையெழுத்து: 1780 வெஸ்ட் பாயின்ட் சதி எப்படி உடைந்தது

அமெரிக்கச் சுதந்திரப் போரின் உளவுக் கதைகளைப் படிக்கிறவர்கள் கண்ணில் ஒரு கூற்று அடிக்கடி படும். வெஸ்ட் பாயின்ட் கோட்டையைப் பிரிட்டிஷாருக்கு விற்கத் துணிந்த அமெரிக்கத் தளபதி பெனடிக்ட் ஆர்னால்டின் துரோகத்தை, ஜார்ஜ் வாஷிங்டனின் கல்ப்பர் ஒற்றர் குழுதான் மோப்பம் பிடித்தது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆவணங்களில் அதற்கு ஆதாரம் கிடையாது. 1779 மே மாதம் தொடங்கி 1780 செப்டம்பர் வரை, நடுவில் சில மாத இடைவெளியோடு, ஓர் அமெரிக்க மேஜர் ஜெனரல் நியூயார்க்கில் இருந்த பிரிட்டிஷ் தலைமையகத்துக்கு ரகசியக் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தார். அதே நியூயார்க்கில்தான் வாஷிங்டனின் ஒற்றர்களும் இருந்தார்கள். ஒருவருக்கும் விஷயம் தெரியவில்லை.

சதியை உடைத்தவர்கள் வேறு ஆட்கள். துடுப்புப் போட முடியாது என்று சொன்ன இரண்டு படகோட்டிகள், மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் பீரங்கியால் சுட்ட ஒரு கர்னல், சாலையோரப் புதரில் உட்கார்ந்திருந்த மூன்று கிராமத்து இளைஞர்கள், கடைசியாக விடாப்பிடியாக வாதாடிய ஒரு குதிரைப்படை மேஜர். இந்த நிகழ்வை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. சதி முழுவதும் ஒரு தளபதியின் கையெழுத்தை நம்பியே நகர்ந்தது. அந்தக் கையெழுத்தைக் கண்டு வழிவிட்ட இடத்திலெல்லாம் அது முன்னேறியது. அதைப் பொருட்படுத்தாத ஆட்கள் இருந்த இடத்தில் தடுக்கி விழுந்தது.

பணயம் என்ன

ஹட்சன் ஆறு நியூயார்க் நகரிலிருந்து வடக்கே நீண்டு கிடக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் நியூ இங்கிலாந்து மாநிலங்களை மற்ற மாநிலங்களிலிருந்து வெட்டிவிடலாம் என்பது போரின் தொடக்கத்திலிருந்தே பிரிட்டிஷ் கணக்கு. நகரத்துக்கு வடக்கே சுமார் 50 மைலில் ஆறு சட்டென்று இரண்டு முறை வளைகிறது. பாய்க்கப்பல் எதுவானாலும் அங்கே வேகம் குறைத்துத் திரும்பியாக வேண்டும். அந்த வளைவின் மேட்டில்தான் வெஸ்ட் பாயின்ட் கோட்டை. அரண்களை வடிவமைத்தவர் போலந்துப் பொறியாளர் தடேயுஸ் கோஷ்யூஷ்கோ. 1778 ஏப்ரலில் ஆற்றின் குறுக்கே சுமார் 500 கஜ நீளத்துக்கு ஒரு கனத்த இரும்புச் சங்கிலியையும் மரக்கட்டைகளின் மேல் மிதக்கவிட்டுக் கட்டினார்கள். கப்பல் வந்து சங்கிலியில் முட்டி நிற்கும், மேட்டிலிருந்து பீரங்கிகள் பேசும். ஏற்பாடு அதுதான்.

1780 அமெரிக்கர்களுக்கு மோசமான ஆண்டு. மே 12-இல் சார்ல்ஸ்டன் விழுந்தது. 5,000 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். ஆகஸ்ட் 16-இல் கேம்டனில் ஜெனரல் கேட்ஸின் படை சிதறியது. காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது, சிப்பாய்களுக்குச் சம்பளம் வரவில்லை. இந்த நிலையில் வெஸ்ட் பாயின்ட்டும் அங்கிருந்த 3,000 பேரும் கையை விட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் பிரிட்டிஷ் தளபதி சர் ஹென்றி கிளின்டன் அதற்கு 20,000 பவுண்டு தரச் சம்மதித்தார். அவர் மனதில் அதன் மதிப்பு என்ன என்று அந்தத் தொகையே சொல்கிறது.

ஆர்னால்டு யார்

துரோகி என்ற ஒரே சொல்லில் ஆர்னால்டை முடித்துவிட்டால் இந்த நிகழ்வு புரியாது. கனெக்டிகட்டின் நார்விச்சில் 1741-இல் பிறந்தவர், நியூ ஹேவனில் மருந்துக்கடையும் கப்பல் வணிகமும் நடத்தியவர். 1775 மே மாதம் டைகான்டரோகா கோட்டையைப் பிடித்தவர்களில் ஒருவர். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் சுமார் 1,100 பேரை மெய்ன் காடுகள் வழியாக கியூபெக்குக்குக் கூட்டிப்போனார். போய்ச் சேர்ந்தது அதில் பாதிக்குச் சற்று அதிகம்தான். வழியில் பசி தாங்காமல் தோலையும் மெழுகுவர்த்தியையும் தின்றவர்கள் உண்டு. டிசம்பர் 31 இரவு, பனிப்புயலில் நடந்த தாக்குதலில் அவருடைய இடது காலில் குண்டு பாய்ந்தது. 1776-இல் சாம்ப்ளெயின் ஏரியில் அவசரமாகக் கட்டிய சிறு படகுப்படையை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் படையெடுப்பை ஓர் ஆண்டு தள்ளிப்போட வைத்தார். 1777 அக்டோபர் 7-இல் சரடோகாவில் அதே இடது கால் நொறுங்கியது. பத்து நாளில் பிரிட்டிஷ் தளபதி பர்கோயின் தன் முழுப் படையோடு சரணடைந்தார். அந்த வெற்றியைப் பார்த்துத்தான் பிரான்ஸ் 1778 பிப்ரவரியில் உடன்படிக்கை போட்டது.

இத்தனையும் செய்தவரைத் தாண்டி, 1777 பிப்ரவரியில் அவருக்குக் கீழே இருந்த ஐந்து பேரைக் காங்கிரஸ் மேஜர் ஜெனரல் ஆக்கியது. சரடோகாவின் பெருமையை கேட்ஸ் வாங்கிக்கொண்டார். மனம் புண்பட நியாயம் இருந்தது. அந்தப் புண்ணை வைத்து அவர் பின்னால் செய்ததற்கு நியாயம் சொல்ல முடியாது. அதே படையில் வாஷிங்டன் முதல் கிரீன் வரை அவமானப்படாதவர் யார்?

1778 ஜூனில் பிரிட்டிஷார் பிலடெல்பியாவை விட்டுப் போனதும் ஆர்னால்டு அந்த நகரின் ராணுவ ஆளுநர் ஆனார். பெரிய மாளிகை, சாரட்டு, விருந்து, கூடவே பதவியை வைத்துச் சில மறைமுக வியாபாரங்கள். பென்சில்வேனியா நிர்வாகக் குழுத் தலைவர் ஜோசப் ரீட் 1779 பிப்ரவரியில் அவர்மேல் எட்டுக் குற்றச்சாட்டுகளை வைத்தார். மாரிஸ்டவுனில் ராணுவ நீதிமன்றம் விசாரித்து 1780 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. இரண்டு விஷயங்களில் மட்டும் அவர் செய்தது தவறு என்றது. ஒன்று, அரசாங்க வண்டிகளைத் தன் சொந்தச் சரக்குக்குப் பயன்படுத்தியது. இன்னொன்றைத்தான் நான் அடிக்கோடிட விரும்புகிறேன்: சார்மிங் நான்சி என்ற வணிகக் கப்பலுக்கு, வாஷிங்டனுக்குத் தெரியாமல், தானே கையெழுத்திட்டு அனுமதிச் சீட்டு கொடுத்தது. தண்டனை வெறும் கண்டிப்பு. இந்த மனிதர் தன் கையெழுத்தை விற்கக்கூடியவர் என்று ஒரு நீதிமன்றப் பதிவே இருந்தும், ஆறு மாதம் கழித்து வெஸ்ட் பாயின்ட் அவர் கைக்கு வந்தது.

சங்கேதமும் விலையும்

1779 ஏப்ரலில் ஆர்னால்டு பெகி ஷிப்பன் என்ற 18 வயதுப் பெண்ணை மணந்தார். பிலடெல்பியாவின் வசதியான குடும்பம். பிரிட்டிஷார் அந்த நகரில் இருந்தபோது ஜான் ஆன்ட்ரே என்ற இளம் அதிகாரி அவள் பழகிய வட்டத்தில் வந்து போனவர். படம் வரைவார், கவிதை எழுதுவார், நாடகம் போடுவார். 1779-இல் அதே ஆன்ட்ரே கிளின்டனிடம் உளவுக் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். திருமணமான ஒரு மாதத்துக்குள் ஆர்னால்டு, பிலடெல்பியாவின் பீங்கான் கடைக்காரர் ஜோசப் ஸ்டான்ஸ்பரியைக் கூப்பிட்டு நியூயார்க்குக்கு அனுப்பினார்.

கடிதங்கள் எண்களில் போயின. இரு பக்கமும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு, பக்கம், வரி, வரியில் எத்தனையாவது சொல் என்று மூன்று எண்களாக எழுதுவது முறை. முதலில் பிளாக்ஸ்டனின் சட்ட நூல். அது கஷ்டமாக இருந்ததால், சொற்கள் அகர வரிசையில் கிடைக்கும் பெய்லியின் அகராதிக்கு மாறினார்கள். கண்ணுக்குத் தெரியாத மையும் உண்டு. வணிகர்கள் சரக்கு பற்றி எழுதுவதுபோல் எழுதுவார்கள். ஆன்ட்ரேயின் பெயர் ஜான் ஆண்டர்சன். ஆர்னால்டு சில இடங்களில் மங்க், சில இடங்களில் குஸ்டாவஸ்.

கடிதங்களில் கொள்கை மிகக் குறைவு, பேரம்தான் அதிகம். வெற்றி பெற்றால் இவ்வளவு, தோற்றால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று தொகை பேசியே மாதங்கள் ஓடின. தோற்றாலும் 10,000 பவுண்டு வேண்டும் என்றார் ஆர்னால்டு. கிளின்டன் 6,000-க்கு மேல் ஏறவில்லை. மனசாட்சிதான் தன்னை இழுத்தது என்று ஆர்னால்டு பின்னால் அறிக்கை விட்டார். அந்த அறிக்கையைவிட இந்தக் கடிதங்களை நம்புவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

முன்கூட்டியே போட்ட திரை

1780 ஆகஸ்ட் 3-இல் ஆர்னால்டு வெஸ்ட் பாயின்ட் பொறுப்பை ஏற்றார். ஆற்றின் எதிர்க்கரையில் ராபின்சன் வீட்டில் தங்கினார். வந்ததும் செய்த வேலைகளைப் பாருங்கள். கோட்டைப் படையை விறகு வெட்டவும் காவலுக்கும் சிறு சிறு கும்பலாக வெளியே அனுப்பினார். நியூயார்க்கில் இருக்கும் அமெரிக்க ஒற்றர்களின் பெயரைத் தனக்கு முன் அங்கே பொறுப்பில் இருந்த ராபர்ட் ஹோவிடம் கேட்டார், அமெரிக்கப் படையில் இருந்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டிடமும் கேட்டார். தன் ஆட்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி ஹோ மறுத்துவிட்டார். லஃபாயெட்டும் தரவில்லை. பெயரைக் கேட்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சொல்லக்கூடாது என்ற அந்தப் பழக்கம் அன்று எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. கல்ப்பர் குழுவில் நியூயார்க் நகரத்துக்குள் இருந்து எழுதிய ராபர்ட் டவுன்சென்டின் அடையாளம் வெளியே தெரிந்ததே 1930 வாக்கில், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான்.

ஆர்னால்டு போட்ட இன்னொரு திரை இதைவிடத் தந்திரமானது. நியூயார்க்கிலிருந்து ஆண்டர்சன் என்று ஒருவர் வரக்கூடும், அவர் எனக்குத் தகவல் கொண்டு வருகிறவர், வந்தால் பாதுகாப்போடு என்னிடம் அனுப்புங்கள் என்று எல்லைக் காவலில் இருந்த குதிரைப்படை அதிகாரிகளுக்கே எழுதிவைத்தார். ஒரு தளபதிக்குச் சொந்த ஒற்றர்கள் இருப்பது வழக்கம்தானே, யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்தக் கடிதம் ஒன்று மேஜர் பெஞ்சமின் டால்மேஜுக்கும் போனது. கல்ப்பர் குழுவை நடத்தியவரே அவர்தான். திரை நன்றாக வேலை செய்தது. ஆனால் அதில் எழுதியிருந்த ஒரு பெயர் டால்மேஜின் நினைவில் தங்கிவிட்டது. அது பின்னால் வருகிறது.

செப்டம்பர் 21 இரவு

செப்டம்பர் 18-இல் வாஷிங்டன் பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போவைச் சந்திக்க ஹார்ட்ஃபோர்டு போகும் வழியில் ஹட்சனைக் கடந்தார். ஆர்னால்டு கூடவே போய் வழியனுப்பினார். தலைமைத் தளபதி ஊரில் இல்லாத அந்த ஒரு வாரம் சதிக்குத் தோதாக இருந்தது.

ஆன்ட்ரேக்கு அப்போது 30 வயது, பிரிட்டிஷ் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல், அதாவது தலைமை நிர்வாக அதிகாரி. வல்ச்சர் என்ற சிறு போர்க்கப்பலில் ஹாவர்ஸ்ட்ரா அருகே வந்து நின்றார். கிளின்டன் அவருக்கு மூன்று கட்டளைகள் கொடுத்திருந்தார்: எதிரியின் காவல் எல்லைக்குள் போகாதே, சீருடையைக் கழற்றாதே, எழுதிய தாள் எதையும் சுமக்காதே. 36 மணி நேரத்துக்குள் மூன்றும் உடைந்தன. எப்படி உடைந்தன என்பதில்தான் இந்த நிகழ்வின் உயிர் இருக்கிறது.

கப்பலுக்குப் போய் ஆன்ட்ரேயை அழைத்து வரும் வேலை அந்தப் பகுதியின் நிலக்காரர் ஜோஷுவா ஹெட் ஸ்மித்துக்கு. துடுப்புப் போட அவருடைய குடியானவர்களான சாமுவேல், ஜோசப் கோகூன் சகோதரர்கள். நடு இரவில் வெள்ளைக் கொடி இல்லாமல் எதிரிக் கப்பலுக்கு எதற்கு என்று அவர்கள் முதலிலேயே தயங்கினார்கள். தளபதி ஒரு பக்கம் மிரட்டி, மறுபக்கம் ஆளுக்கு 50 பவுண்டு எடை மாவு தருவதாகச் சொன்ன பிறகுதான் இறங்கினார்கள். இரவு ஒரு மணிக்கு மேல் கரையோர மரங்களுக்கு நடுவே ஆர்னால்டும் ஆன்ட்ரேயும் பேச ஆரம்பித்தார்கள், ஸ்மித்தைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. பேச்சு நீண்டு விடியும் நேரம் நெருங்கிவிட்டது. திரும்பிக் கப்பலுக்குப் போக வேண்டும். கோகூன் சகோதரர்கள் முடியாது என்றுவிட்டார்கள். களைப்பு, விடிந்தால் காவலர்கள் சுடுவார்களே என்ற பயம், உள்ளுக்குள் சந்தேகமும் இருந்திருக்கலாம்.

அந்த மறுப்பு ஆன்ட்ரேயின் தலைவிதியை எழுதியது. ஆர்னால்டோடு குதிரையேறி ஸ்மித்தின் வீட்டுக்குப் போகும் வழியில் அமெரிக்கக் காவலன் ஒருவன் குரல் கொடுத்தான். எதிரி எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று ஆன்ட்ரே அப்போதுதான் உணர்ந்தார். முதல் கட்டளை அங்கேயே போனது.

பொழுது விடிந்ததும் இரண்டாவது அடி. எதிர்க்கரையில் டெல்லர்ஸ் முனையில் கர்னல் ஜேம்ஸ் லிவிங்ஸ்டன் ஒரு சிறு பீரங்கியைக் கொண்டு வந்து வல்ச்சர்மேல் சுட ஆரம்பித்தார். அந்தக் கப்பல் நாள்கணக்கில் அங்கே நின்றது அவருக்கு எரிச்சல். வெடிமருந்து கேட்டபோது வெஸ்ட் பாயின்ட்டிலிருந்த கர்னல் லாம்ப், இத்துணூண்டு பீரங்கியால் கப்பலைச் சுடுவது மருந்துக்குக் கேடு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அனுப்பினார். ஆர்னால்டிடம் லிவிங்ஸ்டன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்ற உத்தரவு வந்திருக்கும், அதோடு கதை மாறியிருக்கும். குண்டுகள் கப்பலில் பட்டன. வல்ச்சர் நங்கூரம் தூக்கி ஆற்றின் கீழே நகர்ந்தது. ஸ்மித் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ஆன்ட்ரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்னால்டு ஆறு தாள்களைக் கொடுத்தார். கோட்டையின் பலம், பீரங்கி எங்கெங்கே, அரண்களின் பலவீனம், செப்டம்பர் 6 போர் ஆலோசனைக் கூட்டத்தில் வாஷிங்டன் வைத்த விவரங்கள். காலுறைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே ஜான் ஆண்டர்சன் பெயரில் அனுமதிச் சீட்டு. படகு வேண்டாம், தரைவழி போகலாம் என்றார் ஸ்மித். ஆன்ட்ரே சீருடையைக் கழற்றி ஸ்மித்தின் சாதாரணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். மற்ற இரண்டு கட்டளைகளும் போயின.

அன்று மாலை கிங்ஸ் ஃபெர்ரியில் ஆற்றைக் கடந்தார்கள். இருட்டிய பிறகு கேப்டன் பாய்ட் என்ற காவல் அதிகாரி வழிமறித்தார், இந்த நேரத்தில் எங்கே பயணம் என்று குடைந்து கேட்டார். அவருக்குச் சந்தேகம் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் சீட்டைப் பார்த்தார், ஆர்னால்டு கையெழுத்து. இரவு தங்கிவிட்டுப் போங்கள் என்ற அறிவுரையோடு விட்டுவிட்டார்.

டாரிடவுன் சாலை

செப்டம்பர் 23, சனிக்கிழமை. குரோட்டன் ஆற்றுப் பாலம் அருகே ஸ்மித் விடைபெற்றுக்கொண்டார். அதற்குத் தெற்கே யாருக்கும் சொந்தமில்லாத பூமி. பிரிட்டிஷ் பக்கக் கொள்ளையர்கள், அமெரிக்கப் பக்கக் கொள்ளையர்கள் இருவரும் மேய்ந்த இடம். அங்கே குடியிருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், மாடு போனால் போனதுதான்.

காலை ஒன்பது, பத்து மணி இருக்கும். டாரிடவுன் அருகே ஜான் பால்டிங், ஐசக் வான் வார்ட், டேவிட் வில்லியம்ஸ் மூவரும் புதரிலிருந்து வெளியே வந்து துப்பாக்கியை நீட்டினார்கள். பால்டிங் சில நாள் முன்புதான் நியூயார்க்கில் பிரிட்டிஷ் சிறையிலிருந்து தப்பியவர். தப்பிக்கும்போது போட்ட ஜெர்மன் கூலிப்படைக் கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது. அந்தக் கோட்டு ஆன்ட்ரேயை ஏமாற்றியது. நீங்கள் நம் ஆட்கள்தானே என்று கேட்டார். எந்த ஆட்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். கீழ்ப்பக்கத்து ஆட்கள் என்றார், அதாவது பிரிட்டிஷ் பக்கம். ஆமாம் என்றதும், தான் பிரிட்டிஷ் அதிகாரி, தாமதப்படுத்த வேண்டாம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார். நாங்கள் அமெரிக்கர்கள் என்று அவர்கள் சொன்ன பிறகு, சிரித்துச் சமாளித்தபடி ஆர்னால்டின் சீட்டை எடுத்தார்.

சீட்டை மட்டும் முதலில் நீட்டியிருந்தால் விட்டிருப்போம் என்று பால்டிங்கே பின்னால் சொன்னார். வாயைத் திறந்த பிறகு சீட்டுக்கு மதிப்பில்லை. மூவரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் பால்டிங் ஒருவர்தான். பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள், காலுறையைத் தடவினார்கள். தாள்களைப் பார்த்த பால்டிங், இவன் ஒற்றன் என்றார். குதிரை, கடிகாரம், நூறு கினி, கேட்கிற தொகை எதுவானாலும் தருகிறேன் என்று ஆன்ட்ரே பேசிப் பார்த்தார். அவர்கள் அசையவில்லை. நார்த் காசிலில் இருந்த குதிரைப்படை முகாமுக்குக் கொண்டு போனார்கள்.

ஜேம்சனும் டால்மேஜும்

முகாமின் பொறுப்பில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஜான் ஜேம்சன். இவருடைய குழப்பத்தை நான் எத்தனை முறை படித்தாலும் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. கையில் இருக்கும் தாள்கள் ஆர்னால்டு கையெழுத்தில் உள்ளவை. பிடிபட்டவன் கையில் ஆர்னால்டின் சீட்டு. ஆண்டர்சன் வந்தால் என்னிடம் அனுப்பு என்ற ஆர்னால்டின் உத்தரவும் இருக்கிறது. தாள்கள் ஆபத்தானவை என்று அவருக்குப் புரிந்தது, அதனால் அவற்றை வாஷிங்டனுக்கு அனுப்பினார். ஆனால் கைதியை, விவரக் கடிதத்தோடு, ஆர்னால்டிடமே அனுப்பினார்! ஒரே மனிதர், ஒரே மணி நேரத்தில், தளபதியைச் சந்தேகித்து ஒரு வேலையும் தளபதியை நம்பி இன்னொரு வேலையும் செய்தார். மேலதிகாரி துரோகியாக இருக்கலாம் என்ற நினைப்பை மனதுக்குள் முழுதாக விட முடியவில்லை. ராணுவப் பழக்கம் அவரை அப்படித்தான் வளர்த்திருந்தது. வாஷிங்டன் பின்னால் இதைப் பெரும் மடத்தனம் என்றே எழுதினார்.

அன்று மாலை டால்மேஜ் முகாமுக்குத் திரும்பினார். ஆண்டர்சன் என்ற பெயரைக் கேட்டதும் ஆர்னால்டு தனக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. நியூயார்க்கிலிருந்து வர வேண்டிய ஆண்டர்சன், நியூயார்க்கை நோக்கிப் போகும்போது பிடிபட்டது எப்படி? கைதியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று ஜேம்சனிடம் மன்றாடினார். ஜேம்சன் அரைமனதாக ஒத்துக்கொண்டார். கைதி திரும்பி வந்தார். ஆனால் ஆர்னால்டுக்கான கடிதம் போகட்டும் என்று ஜேம்சன் பிடிவாதமாக நின்றார். மேலதிகாரிக்குத் தகவல் சொல்லாமல் இருப்பது எப்படி என்பது அவர் கவலை.

அறைக்குள் நடந்த விதத்தையும், திரும்பும்போது குதிகாலை ஊன்றித் திரும்புவதையும் பார்த்து, இவர் ராணுவ அதிகாரிதான் என்று டால்மேஜ் கண்டுகொண்டார். மறுநாள் ஆன்ட்ரேயே வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதித் தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 25

தாள்களோடு போன தூதர் வாஷிங்டனைத் தவறவிட்டார். தளபதி வேறு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை ஆர்னால்டு வீட்டில் காலை உணவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர், வழியில் அரண்களைப் பார்க்கப் போய்விட்டார். முன்னால் வந்த உதவியாளர்களோடு ஆர்னால்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜேம்சனின் கடிதம் வந்தது. படித்தார், மாடிக்குப் போய் மனைவியிடம் பேசினார், கீழே வந்து கோட்டைக்குப் போய் வரவேற்புக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டு, குதிரையில் சரிவில் இறங்கித் தன் படகில் ஏறினார். வெள்ளைத் துணியைக் காட்டியபடி அமெரிக்கக் காவல் முனையைத் தாண்டி வல்ச்சரை அடைந்தார். தன்னைக் கொண்டு போய்ச் சேர்த்த படகோட்டிகளையே கைதிகளாக ஒப்படைத்தார். அவர் செய்தவற்றில் மன்னிக்கவே முடியாதது எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன்.

வாஷிங்டன் வந்து, சாப்பிட்டு, ஆற்றைக் கடந்து கோட்டையைப் பார்த்தார். மரியாதைக் குண்டும் இல்லை, தளபதியும் இல்லை, சுவர்கள் பழுதாகிக் கிடந்தன. பிற்பகலில் திரும்பியபோது, அதற்குள் வந்து சேர்ந்திருந்த தாள்களை அவருடைய உதவியாளர் ஹாமில்டன் கையில் கொடுத்தார். ஹாமில்டன் குதிரையில் விரட்டிப் போனார், பயனில்லை. அன்று மாலையே காற்று தெற்கிலிருந்து வீசினால் கிளின்டனின் கப்பல்கள் வரலாம் என்று கோட்டையை அவசரமாகப் பலப்படுத்தினார்கள்.

மாடியில் பெகி தலைவிரி கோலமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று வாஷிங்டன், ஹாமில்டன், லஃபாயெட் மூவரும் நம்பினார்கள். கிளின்டனின் தலைமையகக் காகிதங்கள் 1920-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான், கடிதப் போக்குவரத்து அவள் கைவழியாகவும் நடந்தது தெரிந்தது. அவளுடைய சேவைக்காகக் கிளின்டன் 350 பவுண்டு கொடுத்த கணக்கும் இருக்கிறது. போரின் கூர்மையான மூன்று மனிதர்களை ஒரு இருபது வயதுப் பெண் ஒரே காலையில் ஏமாற்றினாள்.

ஆன்ட்ரே

செப்டம்பர் 29-இல் டப்பானில் நதானியேல் கிரீன் தலைமையில் 14 ஜெனரல்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். வெள்ளைக் கொடியின் பாதுகாப்பில் வந்தவர், ஆகவே ஒற்றன் ஆகமாட்டார் என்று கிளின்டன் தரப்பு வாதிட்டது. வெள்ளைக் கொடியின் கீழ் வந்தீர்களா என்று கேட்டபோது, இல்லை என்று ஆன்ட்ரே உண்மையைச் சொன்னார். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொய்யைச் சொல்ல மறுத்தார். ஆர்னால்டைக் கொடுத்தால் ஆன்ட்ரேயை விடலாம் என்ற செய்தி மறைமுகமாகக் கிளின்டனுக்குப் போனது. அடைக்கலம் வந்தவரைத் தர முடியாது என்றார் அவர்.

காவலில் கூடவே இருந்த டால்மேஜிடம், எனக்கு என்ன ஆகும் என்று ஆன்ட்ரே ஒருமுறை கேட்டார். டால்மேஜ் அமெரிக்க ஒற்றர் நேதன் ஹேலின் கதையைச் சொன்னார். டால்மேஜும் ஹேலும் யேல் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நண்பர்கள்; நம் சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பெயரைத் தாங்கிய அதே கல்லூரி. 1776 செப்டம்பர் 22-இல் நியூயார்க்கில் ஹேலை விசாரணை இல்லாமலே பிரிட்டிஷார் தூக்கிலிட்டார்கள். அவரும் நானும் ஒன்றா என்று ஆன்ட்ரே கேட்டார். ஒன்றேதான் என்றார் டால்மேஜ். அதே டால்மேஜ் அக்டோபர் 2 நண்பகலில் ஆன்ட்ரே தூக்கு மேடையில் நின்றபோது அழுதார்.

சிப்பாயைப் போலத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லுங்கள் என்று ஆன்ட்ரே கேட்டிருந்தார். வாஷிங்டன் பதில் எழுதவில்லை. ஹாமில்டன் இதற்காக வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். வாஷிங்டன் பக்கம்தான் நான் நிற்பேன். சுட்டுக் கொன்றிருந்தால் அவர் ஒற்றனா இல்லையா என்பதில் அவர்களுக்கே உறுதியில்லை என்றாகியிருக்கும்.

பிறகு

அக்டோபரில் சார்ஜென்ட் மேஜர் ஜான் சாம்ப் என்பவரை, படையை விட்டு ஓடியவர்போல நடிக்க வைத்து நியூயார்க்குக்கு அனுப்பினார்கள், ஆர்னால்டை உயிரோடு தூக்கி வர. கடத்தத் தேதி குறித்த நேரத்தில் ஆர்னால்டின் படை வர்ஜீனியாவுக்குக் கப்பலேறியது, சாம்பும் அதில் போக வேண்டியதாயிற்று. ஆர்னால்டு 1781 ஜனவரியில் ரிச்மண்டைத் தாக்கினார், செப்டம்பரில் தான் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே நியூ லண்டனை எரித்தார். கோட்டை கிடைக்காததால் 20,000 பவுண்டு இல்லை. 6,000 பவுண்டும் செலவுக்கு 315-உம் கிடைத்தன. 1801-இல் லண்டனில் இறந்தார்.

மூன்று இளைஞர்களுக்குக் காங்கிரஸ் 1780 நவம்பரில் வெள்ளிப் பதக்கமும் ஆண்டுக்கு 200 டாலர் ஓய்வூதியமும் கொடுத்தது. 1817-இல் பால்டிங் தொகையை உயர்த்தக் கேட்டு மனுப் போட்டார். அப்போது கனெக்டிகட்டின் பிரதிநிதியாகக் காங்கிரஸில் இருந்த டால்மேஜ் எழுந்து எதிர்த்தார். அவர்கள் கொள்ளையடிக்க வந்தவர்கள், பூட்ஸைக் கழற்றியதே பணம் தேடித்தான், கேட்ட பணம் கையில் இருந்திருந்தால் ஆன்ட்ரே தப்பியிருப்பார் என்றார். ஆன்ட்ரே அவரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

டால்மேஜ்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த இடத்தில் அவர் வாதம் பாதிதான் சரி. அவர்கள் பணத்தைத் தேடியிருக்கலாம். எதிரியிடம் பிடித்ததை வைத்துக்கொள்ள அன்றைய நியூயார்க் சட்டமே இடம் கொடுத்தது. ஆன்ட்ரேயின் கடிகாரத்தையும் குதிரையையும் அவர்கள் எடுத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் தாள்கள் கிடைத்த பிறகு பேரத்துக்கு வழி திறந்தே இருந்தது. ஒருவர் பிணையாக நிற்க, மற்றவர் போய் நியூயார்க்கிலிருந்து பணம் வாங்கி வந்திருக்கலாம். ஆன்ட்ரே அதற்கும் வழி சொன்னார். அவர்கள் முகாமை நோக்கித்தான் நடந்தார்கள். கேப்டன் பாய்டும் ஜேம்சனும் கொள்ளைக்காரர்கள் இல்லை, ஒழுங்கான அதிகாரிகள். ஒருவர் ஆன்ட்ரேயைப் போகவிட்டார், இன்னொருவர் ஆர்னால்டைத் தப்பவிட்டார். காங்கிரஸ் டால்மேஜின் பேச்சைக் கேட்டு மனுவைத் தள்ளியது. பால்டிங்குக்கு அந்த உயர்வு கிடைத்திருக்க வேண்டும்.